கட்டிக்கு இரண்டு ஆன்டிபயாடிக்: சேர்க்க வேண்டிய இடமும் சேர்க்கக் கூடாத இடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோலில் சீழ்க்கட்டி உண்டாக்கும், மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டாஃப் கிருமியைப் பழைய ஆன்டிபயாடிக்குகள் இரண்டு மூன்றைக் கூட்டாகக் கொடுத்தே வென்றுவிடலாம் என்ற செய்தி அவ்வப்போது பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை செல்லுபடியாகும் இடங்கள் மிகக் குறைவு. கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கமிருந்து ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள் மழைக்காலத்தில் காலில் கட்டியோடு இறங்கி வருகிறார்கள். அப்போது அந்தச் செய்தி மருந்துக்கடையில் "ரெண்டையும் சேர்த்தே குடுத்துருங்க" என்ற வார்த்தையாக மாறிவிடுகிறது. சேர்க்கத் தேவையில்லாத கட்டிக்குச் சேர்த்துக் கொடுக்கிறோம். சேர்த்தே ஆகவேண்டிய நோயாளி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்கும்போது, அவருக்கு உதவவேண்டிய மருந்துகளின் பலத்தை ஏற்கெனவே கரைத்துவிட்டிருக்கிறோம். தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கமும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள், ஆய்வகத்தினர், மருந்தாளுநர்கள் சேர்ந்து இதை விரிவாக எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறோம்.

ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் இந்தக் கிருமி, ஏறத்தாழ 10 பேரில் 3 பேரின் மூக்குத் துவாரத்தில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. தோல் கிழிந்தால்தான் அதற்கு வழி பிறக்கிறது. ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். அதைப் பறிப்பவர் நாள் முழுக்க ஈர மண்ணில் குனிந்தும் குத்தவைத்தும் இருக்கவேண்டும். ரப்பர் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து கால் ஊறிப்போகும். அட்டை கடித்த இடம் அரிக்கும், அதைச் சொறிவார்கள், நகம் பட்ட இடத்தில் மூன்றாம் நாள் கொப்புளம் எழும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அதே கொப்புளம் பிடரியிலோ முதுகிலோ பல கண்களுடன் ராஜபிளவையாகப் பெருகும்.

பெனிசிலின் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 1940களிலேயே இந்தக் கிருமி அதைச் சிதைக்கும் நொதியை உருவாக்கிக்கொண்டது. அதற்கு மாற்றாக 1959இல் மெத்திசிலின் வந்தது. 1961இல் பிரிட்டனில் மெத்திசிலினுக்கும் அடங்காத ஸ்டாஃப் பதிவாகிவிட்டது. அதைத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிறோம். அதனிடம் மெக்-ஏ என்றொரு மரபணு இருக்கிறது. அது பி.பி.பி. 2ஏ என்ற புரதத்தைச் செய்கிறது. பெனிசிலின் குடும்ப மருந்துகள் கிருமியின் செல்சுவரைக் கட்டும் புரதங்களைப் பிடித்து முடக்குபவை. இந்தப் புதிய புரதத்தை அவற்றால் பிடிக்க முடியாது. ஆகவே அமாக்சிசிலின், கிளாக்சசிலின், செஃபலெக்சின், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் எதுவும் எம்.ஆர்.எஸ்.ஏ.வைத் தொடாது. அளவைக் கூட்டினாலும் தொடாது. செஃப்டாரோலின், செஃப்டோபிப்ரோல் என்ற இரண்டும் மட்டும் இந்தக் குடும்பத்தில் விலக்கு.

இதைப் புரிந்துகொண்டாலே கடையில் நடக்கும் பாதிக் கூட்டுகள் வீண் என்பது விளங்கும். அமாக்சிசிலினும் கிளாக்சசிலினும் சேர்ந்த கேப்சூலில் இருக்கும் இரண்டும் ஒரே கதவில் மோதித் திரும்புபவை. அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்ப்பது பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை மட்டுமே தடுக்கும். மெக்-ஏ உள்ள கிருமியிடம் அதற்கு வேலையில்லை. செஃபிக்சிம் சாதாரண ஸ்டாஃபிடம்கூட வலுவற்றது. அதனோடு ஓஃப்ளாக்சசினைச் சேர்த்துக் கட்டிக்குக் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு வலையமைப்பு வெளியிடும் அண்மை ஆண்டறிக்கைகளில், சோதித்த ஸ்டாஃப் ஆரியஸ் மாதிரிகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று இருக்கிறது. இவை பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரி மாதிரிகள். ஊருக்குள் வரும் கட்டிகளில் விகிதம் வேறாக இருக்கலாம். அதனால்தான் நம் பகுதியின் கணக்கு நமக்கு வேண்டும் என்கிறோம்.

களிம்புக் கூட்டு இன்னும் கெட்டது. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒரே ட்யூபில் அடைத்து விற்கிறார்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும். ஆறுவதுபோலத் தெரியும். அடியில் சீழ் பரவிக்கொண்டிருக்கும். கட்டியின் மேல் அதைப் பூசவே கூடாது.

இனி அந்தச் செய்திக்குக் காரணமான ஆய்வுக்கு வருவோம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மெரோபெனம், பைபராசிலின், டாசோபாக்டம் ஆகிய மூன்றையும் சேர்த்து எம்.ஆர்.எஸ்.ஏ.வைக் கொல்ல முடியும் என்று காட்டினார்கள். மூன்றும் பெனிசிலினை உள்ளடக்கிய பீட்டா-லாக்டம் என்ற பெருங்குடும்பத்தவை. தனித்தனியே கொடுத்தால் எம்.ஆர்.எஸ்.ஏ.விடம் தோற்பவை. மெரோபெனம் பி.பி.பி. 2ஏ புரதத்தின் ஓர் ஓரத்தில் ஒட்டி அதன் வாயைத் திறந்துவிடுகிறது, பைபராசிலின் மற்றச் சுவர்ப் புரதங்களைத் தாக்குகிறது, டாசோபாக்டம் பைபராசிலினைச் சிதையாமல் காக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். ஒன்றுக்கு எதிர்ப்பு வளர்க்க முயலும் கிருமி இன்னொன்றிடம் மேலும் எளிதில் சிக்குகிறது என்பதும் தெரிந்தது. அருமையான அறிவியல்தான். ஆனால் அது சோதனைத் தட்டிலும் எலிகளிலும் நடந்தது. அதை வைத்து எந்தச் சிகிச்சை நெறிமுறையும் எழுதப்படவில்லை. மெரோபெனமும் பைபராசிலின்-டாசோபாக்டமும் நம் ஐ.சி.யூ.க்களில் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற வேறு வகைக் கிருமிகளுக்கு எதிராகக் கையில் மிஞ்சியிருப்பவை. காலில் வந்த கட்டிக்கு அவற்றை ஏற்றுவது இரண்டு பக்கமும் நட்டம்.

கட்டிக்கு முதல் மருத்துவம் கத்திதான். சீழ் கட்டிய இடத்துக்குள் ரத்த ஓட்டம் இல்லை. ஆகவே மாத்திரை அங்கே போதிய அளவு போய்ச் சேராது. போனாலும், பெருகாமல் மந்தமாகக் கிடக்கும் கிருமிகளிடம் அது எடுபடாது. மரத்துப்போக ஊசி போட்டு, கட்டி மெத்தென்று இருக்கும் இடத்தில் போதிய நீளத்துக்குக் கீறி, உள்ளே இருக்கும் தடுப்பறைகளை உடைத்துவிட்டு, சலைனால் கழுவி, வாய் மூடாமல் விட வேண்டும். ஊசி முனையால் ஒரு துளை போட்டுப் பிதுக்கி அனுப்பினால் மேல்தோல் மூடிக்கொள்ளும், நான்காம் நாள் மறுபடி வீங்கும். பிறகு "மருந்து கேட்கவில்லை" என்று இன்னும் ஒரு மருந்து சேர்ப்பார்கள். மேலுதட்டிலும் மூக்கைச் சுற்றியும் வரும் கட்டியை வீட்டில் பிதுக்கவே கூடாது. அங்கிருந்து கிருமி கண்ணுக்குப் பின்னாலும் மூளைப் பக்கமும் போக ரத்தக்குழாய் வழி இருக்கிறது.

எம்.ஆர்.எஸ்.ஏ. மிகுந்த அமெரிக்க ஊர்களில் நடந்து 2016இலும் 2017இலும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் இங்கே பயன்படும். சீழை எடுத்துவிட்டு மருந்தே இல்லாத பொய் மாத்திரை பெற்றவர்களில் ஓர் ஆய்வில் 73.6 விழுக்காட்டினரும், மற்றதில் 68.9 விழுக்காட்டினரும் குணமானார்கள். சீழ் எடுத்த பின், பெனிசிலின் குடும்பம் சாராத கோட்ரைமாக்சசோல் என்ற மருந்தைச் சேர்த்தவர்களில் 80 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதாவது பெரும்பங்கு குணம் கத்தியால் வந்தது. ஒரே ஒரு மருந்து அதற்குமேல் 100 பேரில் 7 முதல் 13 பேருக்கு உதவியது. இரண்டாம் மருந்து தேவைப்படவே இல்லை.

சீழ் இல்லாமல் தோல் சிவந்து சூடாகிப் பரவும் வகைக்கும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் ஐந்து அவசரப் பிரிவுகளில் 500 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்டார்கள். செஃபலெக்சின் மட்டும் பெற்று முழுமையாக முடித்தவர்களில் 85.5 விழுக்காட்டினர் குணமானார்கள். அதனோடு எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கான கோட்ரைமாக்சசோலையும் சேர்த்தவர்களில் 83.5 விழுக்காடு. சேர்த்ததால் பயன் தெரியவில்லை.

கீறும்போது வரும் சீழைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள் என்று மருத்துவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மாதிரி எடுப்பதில்தான் பல ரிப்போர்ட்டுகள் கெட்டுப்போகின்றன. கட்டியை உடைக்கும் முன் தோலை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு, சிரிஞ்சால் 1 அல்லது 2 மில்லி சீழ் உறிஞ்சி, கிருமிநீக்கிய குப்பியில் போட்டு மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். புண்ணின் மேல் வடிந்து காய்ந்ததைப் பஞ்சால் தொட்டு அனுப்பினால் தோலில் கிடக்கும் எல்லாக் கிருமிகளும் வளரும். எது குற்றவாளி என்று யாராலும் சொல்ல முடியாது. பயாப்சிக்கு வைத்திருக்கும் ஃபார்மலின் குப்பியில் போட்டு அனுப்பினால் எல்லாமே செத்துப்போகும், "வளர்ச்சி இல்லை" என்றுதான் முடிவு வரும். காய்ச்சல், நடுக்கம் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, மாதிரி எடுக்க வேண்டும். பெரியவருக்கு இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி, ஒவ்வொரு பாட்டிலிலும் 8 முதல் 10 மில்லி. பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ஒரே ஒரு பாட்டிலில் ஸ்டாஃப் ஆரியஸ் வளர்ந்தாலும் அதைத் தோலிலிருந்து கலந்த அழுக்கு என்று ஒதுக்கக் கூடாது.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் செஃபாக்சிடின் வரியைப் பாருங்கள். மெத்திசிலின் இன்று நோயாளிக்குக் கொடுக்கப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, கிருமி வளரும் தட்டில் ஆய்வகம் 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் ஏற்றிய சிறு வட்டைத்தான் வைக்கிறது. சுற்றிலும் கிருமி வளராத வட்டம் 22 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது எம்.ஆர்.எஸ்.ஏ. அந்த ஒரு வரி "எதிர்ப்பு" என்றால், முன்பு சொன்ன இரண்டு விலக்குகளைத் தவிர, பெனிசிலின், செஃபலோஸ்போரின் ("செஃப்" என்று தொடங்குபவை), கார்பபெனம் (மெரோபெனம் போன்றவை) எதற்கு நேராக "கேட்கும்" என்று அச்சாகியிருந்தாலும் நம்பக் கூடாது. அடுத்தது கிளிண்டமைசின். எரித்ரோமைசினுக்கு எதிர்ப்பும் கிளிண்டமைசினுக்கு இணக்கமும் காட்டினால் டி-டெஸ்ட் செய்திருக்க வேண்டும். இரண்டு வட்டுகளையும் 15 முதல் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் வைப்பார்கள். கிளிண்டமைசினின் தெளிந்த வட்டம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகி ஆங்கில டி எழுத்துப்போல் ஆனால், உடலுக்குள் அந்த மருந்து சில நாளில் தோற்கும். எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு ஊசியாகப் போடும் வான்கோமைசினுக்கு வட்டுச் சோதனை ஸ்டாஃபில் நம்பத்தக்கதல்ல. கிருமியை நிறுத்தும் குறைந்த அளவை எண்ணாகக் கேட்டு வாங்குங்கள். மில்லிக்கு 2 மைக்ரோகிராம் வரை இணக்கம், 4 முதல் 8 இடைநிலை, 16உம் அதற்கு மேலும் எதிர்ப்பு.

வெளிநோயாளியாகப் பார்க்கும் எம்.ஆர்.எஸ்.ஏ. கட்டிக்கு, கல்ச்சர் இணங்கினால், ஒரே மருந்து போதும். கோட்ரைமாக்சசோல் இரட்டை வலு மாத்திரை, அதாவது 160/800, காலை இரவு ஒன்று அல்லது இரண்டு. அல்லது டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் இருவேளை. அல்லது டி-டெஸ்ட் தேறிய கிளிண்டமைசின் 300 முதல் 450 மில்லிகிராம் மூன்று வேளை. 5 முதல் 7 நாள், தேவைப்பட்டால் 10. இவை பெரியவர் அளவு. மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவருக்குக் கோட்ரைமாக்சசோல் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தாக ஏற்றலாம். வயதானவருக்குக் கொடுக்கும்போது இதைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். டாக்சிசைக்ளினைக் கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

லைனசோலிட் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 600 மில்லிகிராம் இருவேளை. நல்ல மருந்து. வாய்வழியே கொடுத்தாலும் ஊசிக்கு நிகராக ரத்தத்தில் ஏறும். அதனாலேயே சிறு கட்டிக்குக்கூட எழுதும் பழக்கம் வந்துவிட்டது. இரண்டு வாரம் தாண்டினால் பிளேட்லெட் குறையும். வாரம் ஒருமுறை ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரையோ டிரமடால் என்ற வலி மாத்திரையோ கூடவே போனால் நடுக்கம், வியர்வை, குழப்பம் என்று செரோடோனின் மிகைநிலை வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கான புதிய ஆறு மாதச் சிகிச்சையில் இது ஒரு தூண். அதைத் தேய்த்துவிட்டால் காசநோயாளிக்கு மாற்று மிகக் குறைவு.

இப்போது ஆஸ்பத்திரி. ரத்தத்தில் ஸ்டாஃப் ஏறிய நோயாளிக்கு முதல் ஓரிரு நாள் இரண்டு மருந்து கொடுப்பது சரி. காரணம் இரட்டைப் பலம் அல்ல. வந்திருப்பது எம்.ஆர்.எஸ்.ஏ.வா, சாதாரண ஸ்டாஃபா என்று தெரியாத நிலையில் வான்கோமைசின் முன்னதற்கும், கிளாக்சசிலின் அல்லது செஃபசோலின் பின்னதற்கும். சாதாரண ஸ்டாஃபிடம் வான்கோமைசின் மெதுவானது. அதை மட்டும் நம்பினால் செஃபசோலின் பெற்றவர்களைவிட இறப்பு கூடுகிறது. ரிப்போர்ட் வந்த அன்றே ஒன்றை நிறுத்த வேண்டும். செஃபாக்சிடின் இணக்கம் என்றால் வான்கோமைசினை, எதிர்ப்பு என்றால் மற்றதை. நடைமுறையில் தவறுவது இந்த இடத்தில்தான். "நன்றாகத்தானே போகிறது, மாற்றுவானேன்" என்று இரண்டையும் டிஸ்சார்ஜ் வரை ஓட்டுகிறார்கள்.

அப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், இஸ்ரேல் நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய கேமரா-2 ஆய்வு காட்டியது. 2020இல் வெளியானது. எம்.ஆர்.எஸ்.ஏ. ரத்தத்தில் இருந்தவர்களுக்கு வான்கோமைசினோ, அதே வேலைக்கான டாப்டோமைசின் என்ற இன்னோர் ஊசியோ கொடுத்து, பாதிப் பேருக்கு முதல் 7 நாள் ஃப்ளூக்ளாக்சசிலின், கிளாக்சசிலின், செஃபசோலின் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்தார்கள். ஐந்தாம் நாளும் ரத்தத்தில் கிருமி இருந்தவர்கள் சேர்த்த பிரிவில் 11 விழுக்காடு, சேர்க்காத பிரிவில் 20. கிருமி வேகமாகக் குறைந்தது உண்மை. ஆனால் இறப்பு, மறுதாக்கம் முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்த முடிவு, சேர்த்த பிரிவில் 35 விழுக்காடு, சேர்க்காத பிரிவில் 39 என்று ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. சிறுநீரகம் பழுதானது மட்டும் 6 விழுக்காட்டிலிருந்து 23 ஆனது. அதனால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். கிருமி சீக்கிரம் போவதும் நோயாளி பிழைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வான்கோமைசினோடு பைபராசிலின்-டாசோபாக்டம் சேரும்போதும், சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறுவது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. முன்பு இதய வால்வுத் தொற்றுக்குச் சிறு அளவு ஜென்டாமைசின் சேர்க்கும் வழக்கம் இருந்தது. சொந்த வால்வில் வந்த ஸ்டாஃபுக்கு அது இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. அங்கேயும் சிறுநீரகம்தான் விலை கொடுத்தது.

இரண்டு மருந்து ஓடும் வார்டில் செவிலியர் தங்கைகள் கவனிக்க வேண்டியது ஒன்று. வான்கோமைசின் அமிலத்தன்மை உடையது. பைபராசிலின் போன்றவற்றோடு அதே குழாயில் சேர்ந்தால் வெண்மையாகத் திரிந்து படியும். ஒன்று முடிந்ததும் சலைனால் குழாயைக் கழுவிவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஜென்டாமைசினைப் பெனிசிலின் வகையோடு ஒரே பாட்டிலில் கலந்தால் ஜென்டாமைசின் செயலிழக்கும். வான்கோமைசின் 1 கிராமை 250 மில்லி சலைனில் கலந்து 100 நிமிடம் ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 10 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். வேகமாக ஓட்டினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். அது வேகத்தால் வருவது. அதை ஒவ்வாமை என்று அட்டையில் எழுதிவிட்டால், அந்த நோயாளிக்குப் பிறகு யாரும் வான்கோமைசின் தரத் துணியமாட்டார்கள். அளவும் எல்லாருக்கும் ஒன்றல்ல. ஒரு வேளைக்கு எடைக்கேற்பக் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம், 8 அல்லது 12 மணிக்கொரு முறை, சிறுநீரகத்தைப் பார்த்து. கடும் நோயில் முதல் டோஸ் இதைவிடக் கூடுதல். 45 கிலோ தோட்டத் தொழிலாளிக்கும் 90 கிலோ லாரி ஓட்டுநருக்கும் ஒரே அளவு எழுதிவிட்டு, ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டதென்றும் இன்னொருவருக்கு மருந்து கேட்கவில்லையென்றும் சொல்வதில் பொருளில்லை.

மருந்தை மாற்றுவதற்கு முன், கிருமி எங்கே பதுங்கியிருக்கிறது என்று தேட வேண்டும். ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை, ரத்தம் சுத்தமாகும் வரை கல்ச்சர். எல்லாருக்கும் எக்கோ என்ற இதய ஸ்கேன். பழைய ஊசிக்குழாயை எடுத்துவிட வேண்டும். முதுகுவலி புதிதாக வந்தால் முதுகெலும்பை ஸ்கேன் செய்ய வேண்டும். ரத்தம் சுத்தமான நாளைத்தான் சிகிச்சையின் முதல் நாளாக எண்ணுகிறோம். சிக்கல் இல்லாதவருக்கே குறைந்தது 14 நாள். வால்வோ எலும்போ பாதித்தவருக்கு நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் நீளும். காய்ச்சல் விட்டது என்று ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனவர்தான் மறுமாதம் முதுகெலும்பில் சீழோடு வருகிறார்.

அடுத்து, காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின். இது சீழுக்குள்ளும் எலும்புக்குள்ளும் புகும் மருந்து. ஆகவே சேர்க்கத் தூண்டும். ஆனால் ஏறத்தாழ ஒரு கோடி முதல் பத்துக் கோடி கிருமிகளில் ஒன்று இதற்கு இயல்பாகவே அடங்காது. ஒரு மில்லி சீழிலேயே அத்தனை கிருமிகள் இருக்கக்கூடும். தனியே கொடுத்தால் அடங்கும் கிருமிகள் செத்து, அந்த ஒன்று ஓரிரு நாளில் ஊராகப் பெருகும். துணைக்குச் சரியான மருந்து இருந்தால் ரத்தத் தொற்றில் பயன் தருமா என்று பிரிட்டனில் 758 பேரிடம் பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த அரெஸ்ட் ஆய்வில் தோல்வி, மறுதாக்கம், இறப்பு எல்லாம் சேர்ந்து ரிஃபாம்பிசின் சேர்த்தவர்களில் 17 விழுக்காடு, சேர்க்காதவர்களில் 18. அவர்களில் எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ளவர்கள் சிலரே என்றாலும், எல்லா ரத்தத் தொற்றுக்கும் ரிஃபாம்பிசின் என்ற எண்ணத்தை அது முடித்துவைத்தது. ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின், வலிப்பு மாத்திரை, கருத்தடை மாத்திரை, சில சர்க்கரை மாத்திரைகள் எல்லாவற்றின் வேலையையும் இது குறைத்துவிடும். காசநோய் மிகுந்த நாட்டில், சளிச் சோதனை செய்யாமல் கட்டிக்கு ரிஃபாம்பிசின் கொடுப்பது உள்ளே ஒளிந்திருக்கும் காசநோய்க்கு எதிர்ப்புப் பயிற்சி கொடுப்பதாகும்.

அப்படியானால் சேர்த்தே ஆகவேண்டிய இடம் எது? உடலுக்குள் வைத்த உலோகமும் செயற்கை வால்வும். அவற்றின் மேல் கிருமி, குளத்துப் படிக்கட்டில் பாசி படிவதுபோல் வழுவழுப்பான படலம் கட்டி அடியில் உறங்கும். அந்தப் படலத்துக்குள் புகுந்து கொல்வதில் ரிஃபாம்பிசினுக்கு நிகரில்லை. மூட்டு மாற்றியவர்களிலும் எலும்புக்குப் பிளேட் வைத்தவர்களிலும் 33 பேரிடம் நடந்த 1998ஆம் ஆண்டு ஆய்வில், சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில் சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசின் பெற்ற அனைவரும் குணமானார்கள். சிப்ரோ மட்டும் பெற்றவர்களில் 58 விழுக்காடு. சிறிய ஆய்வு, இன்றைய எம்.ஆர்.எஸ்.ஏ.வில் பெரும்பகுதி சிப்ரோவுக்கு அடங்காது. ஆனாலும் அந்த அடிப்படை நிற்கிறது. புண்ணைத் திறந்து கழுவி, ரத்தம் சுத்தமாகி, காயம் உலர்ந்த பிறகே ரிஃபாம்பிசினைத் தொடங்க வேண்டும். கிருமி நிறைய இருக்கும் முதல் நாளே தொடங்கினால் எதிர்ப்பு வந்துவிடும். துணை மருந்து கல்ச்சரில் இணங்கியதாக இருக்க வேண்டும். செயற்கை வால்வுத் தொற்றில் வான்கோமைசினும் ரிஃபாம்பிசினும் குறைந்தது ஆறு வாரம், முதல் இரண்டு வாரம் ஜென்டாமைசின். இது இதயநோய்ப் பிரிவும் அறுவைப் பிரிவும் உள்ள இடத்தில் மட்டும்.

இரண்டாவது, நச்சு கக்கும் ஸ்டாஃப். நுரையீரல் சில மணி நேரத்தில் அழுகும் நிமோனியா, ரத்த அழுத்தம் சரியும் நச்சு அதிர்ச்சி. செல்சுவரைத் தாக்கும் மருந்து கிருமியைக் கொன்றாலும் நச்சு உற்பத்தி உடனே நிற்காது. புரத உற்பத்தியைத் தடுக்கும் கிளிண்டமைசினையோ லைனசோலிடையோ அதற்காகச் சில நாள் சேர்ப்பார்கள். நிமோனியாவில் டாப்டோமைசின் உதவாது. நுரையீரலின் உள்பூச்சு அதை முடக்கிவிடும்.

மூன்றாவது, சரியான அளவில் வான்கோமைசினோ டாப்டோமைசினோ கொடுத்தும், சீழையெல்லாம் எடுத்தும் ரத்தம் சுத்தமாகாதவர்கள். இங்கே டாப்டோமைசினோடு செஃப்டாரோலின் சேர்ப்பது உண்டு. வெறும் 40 பேரிடம் நடந்து பாதியில் நின்ற ஆய்வில் சேர்த்த 17 பேரில் ஒருவரும் ஆஸ்பத்திரியில் இறக்கவில்லை, மற்ற 23 பேரில் 6 பேர் இறந்தார்கள். நம்பிக்கை தரும் எண்தான், முடிவான சான்று அல்ல. டாப்டோமைசினோடு ஃபாஸ்ஃபோமைசின் சேர்த்து ஸ்பெயினில் 155 பேரிடம் பார்த்தபோது சேர்த்தவர்களில் 54, டாப்டோமைசின் மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை பலித்தது என்று மேலாகத் தெரிந்தாலும் கணக்கியல்படி உறுதியாகவில்லை, பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்கள் கூடினார்கள். கடைசிக் கட்டத்தில் தொற்றுநோய் நிபுணர் எடுக்கும் முடிவுகள் இவை.

எல்லையில் வாழும் நமக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ முதல் ஊசி, கம்பத்தில் மாத்திரை, முற்றினால் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரியோ கோட்டயமோ. தாள் மட்டும் கூடவே வருவதில்லை. முன்பு என்ன கொடுத்தார்கள் என்று தெரியாததால் ஒவ்வொரு இடத்திலும் புதிதாக இரண்டு சேர்க்கிறார்கள். இரு பக்க மருத்துவர்களும் சீட்டில் நான்கு விவரம் எழுதினால் போதும்: என்ன கிருமி, என்ன மருந்து, தொடங்கிய நாள், நிறுத்த வேண்டிய நாள். இரண்டு மருந்து எழுதினால் இரண்டாவது எதற்கு என்று ஒரு வரி. நோயாளிகள் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிச் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அது உங்கள் உரிமை.

கேரளம் 2018இலேயே கிருமிகளின் மருந்தெதிர்ப்பைத் தடுக்க மாநிலச் செயல்திட்டம் வகுத்தது. 2024 சனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை தொடங்கியது. மேலே கடை இறுகினால் கீழே வந்து வாங்குவார்கள். எனவே தேனி, தென்காசி, கன்னியாகுமரி, கோவை மாவட்டங்களில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதே கண்டிப்பைக் காட்ட வேண்டும். செஃபிக்சிமும் ரிஃபாம்பிசினும் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச்-1 பட்டியலில் உள்ளவை. எழுதிய மருத்துவர், நோயாளி, அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கச் சட்டமே சொல்கிறது. அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தாலே பாதி வேலை முடியும். எல்லையோர அரசு ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் சீழ், ரத்த மாதிரிகளை அன்றன்றே மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுசெல்ல வண்டி வேண்டும். எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை விழுக்காடு கேட்கிறது என்ற மாவட்டக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டு, தனியார் மருத்துவர் மேசை வரை அனுப்ப வேண்டும்.

ஒரே வீட்டில், ஒரே லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) கட்டி திரும்பத் திரும்ப வந்தால், துண்டு, சோப்பு, ஷேவிங் ரேசர் ஆகியவற்றைத் தனித்தனியாக வையுங்கள். மருத்துவர் சொன்னால் மட்டும் 5 நாள் மூக்கில் 2 விழுக்காடு முபிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் குளியலும். தோட்ட உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பறிப்புக் காலத்தில் ஒவ்வொரு கூட்டத்தோடும் சோப்பு, சுத்தமான தண்ணீர், காஸ் துணி, பிளாஸ்டர் இருக்கட்டும். பூட்ஸ் இரண்டு சோடி கொடுங்கள், ஒன்று உலர்வதற்கு. கட்டி கீறியவர் ஓரிரு நாளுக்கொருமுறை கட்டு மாற்றிக்கொள்ளப் போகவேண்டும். அந்த அரைநாள் கூலியைப் பிடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
எல்லையோர மருத்துவர்கள், நுண்ணுயிரியல் ஆய்வகத்தினர், மருந்தாளுநர்கள்,
தேனி மாவட்டம்.